கரிசலாங்கண்ணி: வரப்பிலா, தொட்டியிலா, சந்தையிலா, டப்பாவிலா?

கரிசலாங்கண்ணி சாப்பிட ஆரம்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, வெள்ளைப்பூ நல்லதா மஞ்சள்பூ நல்லதா என்பதுதான். கேள்வியில் தப்பில்லை, ஆனால் அதற்கு நான் பதில் சொன்னாலும் நாளைக் காலையில் உங்கள் அடுப்படியில் கீரை இருக்கப்போவதில்லை. கீரை எங்கிருந்து வரப்போகிறது என்று முடிவுசெய்துவிட்டால் பூவின் நிறம் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். வயல் வரப்பில் கிடைப்பது வெள்ளை. நகரத்துத் தொட்டியிலும் கீரைக்காரரின் கூடையிலும் பெரும்பாலும் மஞ்சள். டப்பாவுக்குள் இருப்பது எது என்று பல நேரம் டப்பாவை விற்பவருக்கே தெரியாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். வெள்ளையும் மஞ்சளும் ஒரே செடியின் இரண்டு நிறங்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான், ஆனால் வேறு வேறு செடிகள். வெள்ளை எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. ஈரமான இடத்தில் விதை விழுந்து முளைத்து, பூத்து, விதை போட்டுக் காய்ந்துபோகிற செடி. மஞ்சள் ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு, தண்ணீர் இருக்கிறவரை வருடக்கணக்கில் கிடக்கும். பொற்றலைக் கையாந்தகரை என்று பழைய மருத்துவ நூல்களில் வருவது இந்த மஞ்சள்தான். இரண்டிலும் பேசப்படுகிற முக்கியமான பொருள் ஒன்றுதான், வெடலோலாக்டோன். அதன் வேதி அமைப்பை 1956-இல் கண்டு வெளியிட்டது சென்னை மாநிலக் கல்லூரியில் இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரியின் குழு. மஞ்சள் கரிசாலைக்கு (கரிசலாங்கண்ணியின் இன்னொரு பெயர்தான் கரிசாலை) அப்போது வெடிலியா என்றுதான் தாவரவியல் பெயர், அதிலிருந்து வந்ததுதான் வெடலோலாக்டோன். இந்த வெடிலியா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு வம்பில் திரும்ப வரும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம், இதே வரிசையில். கையில் இருப்பது அந்தச் செடிதானா என்ற உறுதி. அது எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தது. வீட்டில் இருப்பவர்கள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்களா. பறிக்க, ஆய, கழுவ எவ்வளவு நேரம் போகும். கடைசியாகக் காசு. காசைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், பொடியைத் தவிர மற்ற எதிலும் அது பெரிய தொகையே இல்லை.

மருத்துவ குணம் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். ஈரலுக்கு நல்லது என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை சாற்றைப் பிரித்தெடுத்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவை, நாம் வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடப்போவதோ ஒரு கை பொரியல். அதற்கும் இதற்கும் தூரம் அதிகம். கண் மஞ்சளாக இருந்தால் முதல் வேலை இரத்தப் பரிசோதனை, ஏனென்றால் வைரஸ், பித்தக்கல், சாராயம் என்று காமாலைக்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. நரைத்த முடி இந்தக் கீரையைத் தின்று கறுக்கும் என்ற நம்பிக்கையிலும் எனக்குப் பங்கு இல்லை. இது நல்ல கீரை, அந்தக் காரணம் ஒன்றே சாப்பிடுவதற்குப் போதும்.

## வரப்பில் பறிப்பது

வெள்ளைக் கரிசலாங்கண்ணியை நெல் விவசாயி களை என்றுதான் அறிவார். வாய்க்கால் ஓரம், நாற்றங்கால், வரப்பின் ஈரப் பக்கம், குளக்கரை, எங்கே கால் சேறாகுமோ அங்கே எல்லாம் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு தளதளவென்று இருக்கும், சித்திரை வெயிலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

அடையாளம் காண்பது இதில் சுலபம், நான்கு வழியிலும் இதுதான் சுலபம். எதிரெதிராக நீளவாக்கில் இலை, தொட்டால் சொரசொரப்பு, தண்டில் செம்பழுப்போ ஊதாவோ ஓடும், சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வெள்ளைப் பூ. சந்தேகம் வந்தால் தண்டை ஒடித்துக் கொஞ்சம் பொறுங்கள், ஒடித்த இடம் கறுக்கும். இலையை உள்ளங்கையில் கசக்கித் தேய்த்தால் முதலில் பச்சையாக இருந்து அப்புறம் கருநீலமாகும். பக்கத்திலேயே காய்ந்த மேட்டில் நிற்கும் கிணற்றடிப்பூண்டை இது என்று நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. அதன் பூ நீண்ட காம்பின் நுனியில் தனியாக நிற்கும், நடுவில் மஞ்சள், சுற்றிச் சில வெள்ளை இதழ்கள், இலை ஓரம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும். பூக்காத பொன்னாங்கண்ணியும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் அது வழவழப்பு, சாறும் கறுக்காது. அது கலந்துவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, அதுவும் கீரைதானே.

தண்ணீர்தான் இங்கே பெரிய கேள்வி. நெல் நட்ட மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பூட்டாக்குளோர் அல்லது பிரிடிலாக்குளோர் என்ற களைக்கொல்லியைப் போடுகிறார்கள், பதினைந்து இருபது நாளில் பிஸ்பைரிபேக் சோடியமோ 2,4-டியோ தெளிக்கிறார்கள். இவை எல்லாம் வைக்கப்படுவதே இந்த மாதிரிச் செடிகளுக்குத்தான். அதில் சாகாமல் பிழைத்து நிற்கும் கரிசாலையைப் பார்த்து "மருந்தே அடிக்காத மாதிரி எவ்வளவு பச்சை" என்று பறித்து மடியில் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனமாகாது. வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் பறிக்கவும் வேண்டாம்.

சாக்கடை ஓரம் இன்னும் மோசம், அதுவும் இந்தச் செடிக்குச் சாக்கடை என்றால் கொள்ளைப் பிரியம். கூவம் மாதிரி கழிவு ஓடும் நீரின் கரையில் மற்ற எங்கும் இல்லாத அளவுக்குச் செழித்து நிற்கும். மேலே ஒட்டிய அழுக்கு கழுவினால் போகும், கிருமி வேகவைத்தால் போகும், வேர் வழியாக உள்ளே போன ஈயமும் காட்மியமும் எதனாலும் போகாது. நகரத்துக்குள் இலவசமாகக் கிடைக்கும் வெள்ளைக் கரிசலாங்கண்ணிக்கு என் பதில் ஒரேயடியாக வேண்டாம் என்பதுதான்.

ருசி? கசக்கும். மஞ்சளைவிட அதிகம் கசக்கும், பூவோடு சேர்த்துப் பறித்தால் இன்னும் கூடும். மொட்டு வருவதற்கு முன் கொழுந்தாகக் கிள்ளி, பொடியாக அரிந்து, பாசிப்பருப்போடு வேகவிட்டால் சரியாக வரும். பெரிய இலையை அரியாமல் போட்டால் வெந்த பிறகும் நாக்கில் உரசும்.

யாருக்கு இது: சொந்த வயலோ தோட்டமோ இருந்து, களைக்கொல்லி அடிக்காதவர்களுக்கு. அவர்கள் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். அப்புறம் தலைக்கு எண்ணெய் காய்ச்சுபவர்களுக்கு, நிறம் எதுவானாலும் பரவாயில்லை என்று விடாமல், வெள்ளை. கேரளத்து நீலிபிருங்காதித் தைலத்தில் அவுரியோடு சேர்வது இதுதான். எண்ணெயில் மறைந்திருக்கும் செலவு எரிவாயு, சாற்றில் உள்ள தண்ணீர் முழுக்க வற்றி அடிக் கசடு மணல் பதத்துக்கு வரும்வரை சின்னத் தீயில் நிற்க வேண்டும், பாதியில் இறக்கினால் சில வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

## தொட்டியில் வளர்ப்பது

மாடியில் இரண்டு பை வைக்க இடமும் தினம் தண்ணீர் ஊற்ற ஆளும் இருந்தால் எனக்குப் பிடித்த வழி இதுதான், மஞ்சளில். கணுவோடு ஒரு சாண் தண்டு கிடைத்தால் போதும், ஈர மண்ணில் படுக்கவைத்து ஒரு கணுவை மூடினால் வேர் பிடித்துவிடும். ஆழமான தொட்டி தேவையில்லை, அகலமான தட்டு மாதிரிப் பாத்திரம்தான் தேவை, ஏனென்றால் இது கீழே போவதைவிடப் பக்கத்தில் போகிற செடி. அரை நிழலிலும் வரும். கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். தண்ணீர் நீங்கள் குடிக்கிற அதே தண்ணீர், மருந்து எதுவும் இல்லை, பறித்ததும் சட்டிக்குப் போகிறது.

வெள்ளையையும் தொட்டியில் வளர்க்கலாம், ஆனால் விதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், பெரும்பாலோர் அங்கேதான் தோற்கிறார்கள். அந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். கொஞ்சம் மண்ணைத் தூவி மூடினாலே வராது. ஈரமான மண்ணின் மேல் சும்மா தூவிவிட்டு, காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்த பிறகும் சில வாரத்தில் பூத்து முற்றிவிடும், திரும்பத் திரும்ப விதைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது கீரை என்றால் இவ்வளவு பாடு தேவையில்லை.

இப்போது வம்புக்கு வருவோம். மஞ்சள் கரிசலாங்கண்ணி நாற்று என்று விற்பனைக்கு வருவதில், குறிப்பாக இணையத்தில் படம் போட்டு விற்பதில், கணிசமானது வேறொரு செடி. சாலை நடுத் திட்டுகளிலும் பூங்காக்களிலும் கம்பளம் மாதிரி விரித்து வைத்திருக்கிறார்களே, பளபளப்பான இலையும் பெரிய மஞ்சள் பூவுமாக, அதுதான். நாற்றங்கால்களில் அதைக் கேட்டால் வெடிலியா என்று எடுத்துக் கொடுப்பார்கள். தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபாட்டா, சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியனும். உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் போட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. முன்பு இரண்டு செடியும் வெடிலியா என்ற ஒரே பெயரில் இருந்தன, இப்போதும் ஒரே பேரினத்தில்தான் இருக்கின்றன, பூவும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் விற்பவர் ஏமாற்றுகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது, அவருக்கே அப்படித்தான் வந்திருக்கும்.

பூவைப் பார்த்து வாங்காதீர்கள், இலையைப் பாருங்கள். அழகுச் செடியின் இலை தடிப்பாக, எண்ணெய் தடவியது போலப் பளபளவென்று, நடுவில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், ஓரத்தில் தெளிவான பற்கள். கீரைச் செடியின் இலை ஒடுக்கமாக, நீளமாக, மடல் பிரியாமல், ஓரம் நேராகவோ அங்கொன்றும் இங்கொன்றுமாக மேலோட்டமான பல்லோடோ இருக்கும், பளபளப்பு இல்லை, விரலால் தடவினால் சொரசொரக்கும். இலை மூன்றாகப் பிரிந்திருந்தால் அது எவ்வளவு நன்றாக வளர்ந்திருந்தாலும் சட்டிக்கு வேண்டாம். அதைச் சமைத்துச் சாப்பிடும் வழக்கம் நம் ஊரில் கிடையாது, தெரியாத இலையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதில் என்ன இருக்கிறது. ஏற்கனவே இதை வைத்திருந்தால் பிடுங்கி வாய்க்கால் பக்கம் எறியவும் வேண்டாம், ஒவ்வொரு கணுவும் அங்கே போய்க் குடும்பம் நடத்தும். வெயிலில் நன்றாகக் காயப்போட்டுக் குப்பையில் சேருங்கள்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, அளவு. கீரை வெந்தால் எவ்வளவு சுருங்கும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பையில் வருவது ஒரு ஆளுக்குத் துவையல் ஆகும், நாலு பேர் வீட்டுக்குப் பொரியல் ஆகாது. வாரம் ஒரு முறை குடும்பத்துக்கே வேண்டுமென்றால் நான்கைந்து அகலப் பை, மாற்றி மாற்றிக் கிள்ள வேண்டும். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால் கோடையில் பைக்குள் சருகுதான் இருக்கும்.

யாருக்கு இது: மாடியோ முன்வாசலோ உள்ள நகரத்துக்காரர்கள், துவையல், தோசை மாவில் ஒரு கைப்பிடி என்று சின்ன அளவில் சாப்பிடுபவர்கள், செடியின் அடையாளத்தில் சந்தேகமே இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள்.

## கட்டாக வாங்குவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முளைக்கீரை மாதிரி தினமும் எல்லாரிடமும் இருக்காது, கீரைக்காரரிடம் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும், விலை மற்றக் கீரையைவிடக் கொஞ்சம் கூட. கட்டில் வருவது மஞ்சள்தானா என்பதை மேலே சொன்ன மாதிரி இலையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பூக்காத வெள்ளையும் சில நேரம் வரும், இரண்டும் கலந்தும் வரும். அதில் பிரச்சினை இல்லை, கொஞ்சம் கூடக் கசக்கும், அவ்வளவுதான்.

பிரச்சினை "எங்கேயிருந்து வருதும்மா?" என்ற கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்பதில். பயிரிட்டதா, ஏரிக்கரையில் அறுத்ததா, எந்த ஏரி? மொத்தக் கடையில் எடுத்துவந்து விற்பவருக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள் என்பேன். 1999-இல் மதுரையில் தொடங்கியதிலிருந்து அங்கே அடையாள அட்டை உள்ள விவசாயியே நின்று விற்பதுதான் ஏற்பாடு, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

கட்டின் மறைந்திருக்கும் செலவு ஆய்கிற நேரம். பாதி தண்டு, மண், நடுவில் வேறு புல். நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். ஈரத்துணியில் சுற்றி வைத்தாலும் மறுநாளே இலை கறுக்கத் தொடங்கும், வாங்கிய அன்றே சமைப்பதாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

யாருக்கு இது: குடும்பத்துக்கு முழுப் பொரியலோ கூட்டோ வேண்டும் என்பவர்களுக்கு, முக்கியமாக இதுவரை சாப்பிட்டுப் பார்க்காதவர்களுக்கு. வீட்டில் ஒத்துவருமா என்று தெரியாமல் ஐந்து பை மண் வாங்கி மாடி ஏற்றுவதைவிட ஒரு கட்டு வாங்கிப் பார்ப்பது மேல்.

## பொடி

வள்ளலார் சொன்னது பொடிதானே என்று பலர் இதிலிருந்தே ஆரம்பிக்கிறார்கள். உண்மைதான், கரிசாலையோடு தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த சூரணத்தைத் தினசரி ஒழுக்கத்தின் பகுதியாக அவர் சொல்லியிருக்கிறார், அவர் குறிப்பிடுவதும் பொற்றலைக் கையாந்தகரையைத்தான். ஆனால் அவர் வாழ்ந்த, 1874-க்கு முந்தைய வடலூரில் அந்த இலையைப் பறித்தவர், உலர்த்தியவர், இடித்தவர், குடித்தவர் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருப்பார்கள். நமக்கு வருவது பச்சையாக இருக்கும் ஏதோ ஒரு தூள்.

அடையாளம் என்ற முதல் கேள்வியிலேயே பொடி தோற்றுவிடுகிறது. வெள்ளையா, மஞ்சளா, வெடிலியாவா, தண்டு எவ்வளவு, மணல் எவ்வளவு, கண்ணால் ஒன்றும் தெரியாது. மணலை மட்டும் வேண்டுமானால் ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிவைத்துப் பார்க்கலாம், அடியில் தங்கும். கணக்கும் போட்டுப் பாருங்கள்: பச்சைக் கீரையில் பெரும்பகுதி தண்ணீர், ஒரு கிலோ இலை காய்ந்தால் 100 முதல் 150 கிராம்தான் தேறும். அத்தனை இலையை ஆய்ந்து, நிழலில் உலர்த்தி, அரைத்து, டப்பாவில் அடைத்த பிறகும் ஒருவர் மிக மலிவாக விற்கிறார் என்றால் ஏதோ ஒரு படியை அவர் தாண்டிப் போயிருக்கிறார்.

இதில் இன்னொன்றும் உண்டு. இலையில் இருந்த கனஉலோகம் உலர்த்தும்போது போகாது, தண்ணீர் போய் அது மட்டும் செறிவாக நிற்கும். கீரையை வாரம் ஒரு நாள் சாப்பிடுவோம், பொடியைத் தினமும் ஒரு கரண்டி போடுவோம், மாதக்கணக்கில். அதனால் எங்கே வளர்ந்தது என்ற கேள்வி பொடிக்குத்தான் இன்னும் கடுமையாகக் கேட்கப்பட வேண்டும், ஆனால் பதில் சொல்ல ஆள் இல்லாததும் பொடிக்குத்தான். உணவாக விற்பதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணும், மருந்தாக விற்பதில் மருந்து உரிம எண்ணும் இருக்க வேண்டும். உதிரியாகப் பொட்டலம் கட்டித் தருவதில் இரண்டும் இருக்காது. மருந்தாகவே வேண்டுமென்றால் சித்த மருத்துவரைப் பார்த்துவிட்டு, 1944-இல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸ், தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் போன்ற உரிமம் பெற்ற இடத்துத் தயாரிப்பாக வாங்குவது சரி. கர்ப்பிணிகளும், சர்க்கரைக்கோ இரத்தம் உறையாமல் இருப்பதற்கோ மாத்திரை சாப்பிடுபவர்களும் கேட்காமல் தினசரிப் பொடியை ஆரம்பிக்க வேண்டாம்.

யாருக்கு இது: வெளிநாட்டில் இருப்பவர்கள், இலை கிடைக்கவே கிடைக்காதவர்கள். அவர்களும் ஊரிலிருந்து வரும்போது வீட்டில் உலர்த்தியதைக் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தால் நல்லது. உலர்ந்த பொடி ஈரக்காற்றில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பா கட்டாயம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | வரப்பு (வெள்ளை) | தொட்டி (மஞ்சள்) | கட்டு | பொடி |
|---|---|---|---|---|
| செடி உறுதியா | ஒடித்தால் கறுக்கும், சுலபம் | தண்டு வாங்கும்போது ஒரு தடவை சரிபார்த்தால் போதும் | ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும் | வழியில்லை |
| தண்ணீர் | சொந்த நிலம் என்றால் நல்லது, இல்லையென்றால் ஆபத்து | நம் கையில் | விற்பவருக்குத் தெரிந்தால் உண்டு | தெரியாது |
| ருசி | கசப்பு அதிகம் | மிதமான கசப்பு | மிதம், சில நேரம் கலவை | கஷாய வாடை |
| வேலை | பறிக்க, ஆய | தினம் தண்ணீர் | ஆய, அலச | இல்லை |
| காசு | இல்லை | ஆரம்பத்தில் மட்டும் | கொஞ்சம் | அதிகம் |

## நான் சொல்லும் வழி

களைக்கொல்லி இல்லாத நிலம் இருந்தால் வரப்பு, அதற்கு மேல் பேச்சில்லை. மற்றவர்கள் கட்டையும் தொட்டியையும் வேறு வேறு வழியாக நினைக்க வேண்டியதில்லை. உழவர் சந்தையிலோ தெரிந்த கீரைக்காரரிடமோ ஒரு கட்டு மஞ்சள் வாங்குங்கள், இலை ஒடுக்கமாகச் சொரசொரவென்று இருக்கிறதா என்று பார்த்து, கணுவில் வெள்ளையாக வேர் முளை தெரிகிற தண்டுகள் உள்ள கட்டாக. முதல் தடவை முழுக்க இதையே போடாமல் பாதிக்குப் பாதி சிறுகீரையோ முருங்கைக்கீரையோ சேர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பாசிப்பருப்பு, கடைசியில் தேங்காய்த் துருவல் போட்டு இறக்குங்கள். இரும்புச் சட்டியில் செய்தால் நன்றாகவே கறுத்துவிடும், கெட்டுப்போனதோ என்று பிள்ளைகள் பயப்படுவார்கள், முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் தட்டு காலியானால், ஆய்ந்து போட்ட தண்டுகளைக் குப்பையில் போடாமல் அன்று மாலையே மண்ணில் படுக்கவைத்துவிடுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், புது இலை வந்ததும் வெயிலுக்கு நகர்த்தலாம். பை நிறையப் படர்கிறவரை கிள்ள வேண்டாம், அதுவரை கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.